கேக் சுடக் கல்லூரியா?

கேள்வி: நாங்கள் டுரியான் துங்காலில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பத்து பெரெண்டாமில் ஷிஃப்ட் வேலை. மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, மகன் இரண்டாம் ஆண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அபாகஸ், பியானோ, ரோபோட்டிக், டியூஷன் என்று வாரம் முழுக்க எங்காவது போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்களால் அவ்வளவு முடியாது. ஒரு ரோபோட்டிக் மையத்தில் விசாரித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டினால் மாதக் கடைசியில் மளிகைச் செலவுக்கு இடிக்கும். பள்ளி விடுமுறையில் கொலேஜ் கொமுனிட்டியில் சிறுவர்களுக்கும் வகுப்பு வைக்கிறார்கள், கட்டணம் குறைவு, கேக் செய்வது, கணினி எல்லாம் உண்டு என்று தோழி சொன்னாள். அது பெரியவர்கள் படிக்கும் இடம் இல்லையா? கணவர், "கேக் சுடக் கத்துக்கிறதுக்கு ஒரு காலேஜா? அந்தக் காசுல கணக்கு டியூஷன் போடு" என்கிறார். மகளுக்கு மலாய் பேசக் கூச்சம். அங்கே எல்லாம் மலாயில்தானே நடக்கும்? சான்றிதழ் கொடுப்பார்களாம். பின்னால் உதவுமா? மகனையும் சேர்க்கலாமா? வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், டுரியான் துங்கால்

பதில்: உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்த காசு எதற்குப் போகிறது என்று ஒரு தகப்பன் கேட்கத்தான் வேண்டும். அவருக்கு நேரான பதில் இது: மகள் கணக்கில் உண்மையாகவே தடுமாறினால், பெருக்கல் வாய்பாடு வராமல், பின்னம் புரியாமல் இருந்தால், டியூஷனுக்கே அனுப்புங்கள். தடுமாற்றம் இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த பயம்தான் என்றால், கேக் வகுப்புக்கு அனுப்புங்கள்.

டியூஷனுக்கு நான் எதிரி அல்ல. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. ஆனால் அன்றைய டியூஷனுக்கு எதிரே ஒரு பெரிய தேர்வு நின்றது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு வர இன்னும் பல வருடம் இருக்கிறது. அதுவரை வாரத்தில் நான்கு மாலை பயிற்சித்தாளோடு உட்கார வைத்தால், படிப்பு என்றால் இவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

இனி அந்தக் கல்லூரி. கொலேஜ் கொமுனிட்டி எனப்படும் சமூகக் கல்லூரிகள் நம் நாட்டில் 2001இல் தொடங்கின. பாலிடெக்னிக்குகளைக் கவனிக்கும் அதே துறைதான், உயர்கல்வி அமைச்சின் கீழ், இவற்றையும் கவனிக்கிறது. எஸ்.பி.எம். முடித்த இளைஞர்களுக்கான தொழில் சான்றிதழ்ப் படிப்பு இவற்றின் ஒரு பாதி வேலை. இன்னொரு பாதி, வாழ்நாள் கல்வி என்ற பெயரில் ஊர்மக்களுக்கு நடத்தும் குறுகிய காலப் பயிற்சி. தையல், ரொட்டி, கேக், கணினி, மோட்டார் சைக்கிள் பராமரிப்பு என்று ஒருநாள் இருநாள் வகுப்புகள். பெரும்பாலும் பெரியவர்களுக்கானவைதான், உங்கள் சந்தேகம் தவறில்லை. பள்ளி விடுமுறையில் சிறுவர்களுக்கென்று தனியாக வைப்பதும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விடுமுறையிலும் வைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்க வேண்டும், முன்கூட்டியே கேட்க வேண்டும். மலாக்காவில் செலண்டார், ஜாசின், மஸ்ஜித் தானா, புக்கிட் பெருவாங் ஆகிய இடங்களில் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. டுரியான் துங்காலிலிருந்து நகரப் பக்கம் போனால் புக்கிட் பெருவாங், உள்ளே போனால் செலண்டார். இரண்டுமே காலையில் விட்டு மாலையில் அழைத்துவரக்கூடிய இடங்கள்.

பெரியவர்களின் கல்லூரியில் சின்னப் பிள்ளைகளா என்ற தயக்கம் வேண்டாம். அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரிகள் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கின. இன்று அங்கே பல கல்லூரிகள் கோடை விடுமுறையில் 'காலேஜ் ஃபார் கிட்ஸ்' என்ற பெயரிலேயே சிறுவர் வகுப்பு நடத்துகின்றன. மாணவர் இல்லாத காலத்தில் பட்டறையும் ஆய்வுக்கூடமும் சும்மா கிடக்கின்றன, அவற்றைப் பிள்ளைகள் பயன்படுத்தட்டும் என்பது கணக்கு. இன்னொரு பலனும் உண்டு. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளை பத்து வயதில் உள்ளே நடந்துவிடுகிறது. பதினேழு வயதில் அதே வாசல் அதற்கு அந்நியமாகத் தெரியாது. சிங்கப்பூரில் 1960இல் அமைந்த மக்கள் கழகத்தின் சமூக மன்றங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே புளோக்குக்குக் கீழே இறங்கி நடந்தால் பிள்ளைக்கு ஒரு வகுப்பு கிடைக்கும்.

நமக்கும் இது புதிதல்ல அம்மா. 1923இல் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்து முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தப் பள்ளி எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்ததோடு நின்றது. மேடையில் பேசவும், நாடகம் போடவும், நூல் எடுத்துப் படிக்கவும் பிள்ளைகளுக்கு வேறோர் இடம் தேவைப்பட்டது. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர்களுக்கென்று மணிமன்ற மலர் நடத்தியது. அதிலிருந்து மணிமன்றங்கள் என்ற இளைஞர் மன்றங்கள் முளைத்தன. எத்தனையோ தோட்டங்களில் மாலை நேரத்தில் விளக்கு எரிந்த பொது இடம் அது. எழுத்தாளரும் ஆசிரியரும் மேடைப் பேச்சாளருமாய்ப் பின்னாளில் வந்த பலர் அங்கே உருவானவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கு இறங்கிய பிறகு, பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிவைத்த அந்த இடமும் போயிற்று. இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, தன் சக்திக்கு ஏற்ப, காசு கொடுத்து வாங்குகிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் மனக்கஷ்டத்தின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் அரசாங்கப் பணத்தில் நடக்கும், யாருக்கும் வாசல் திறந்த ஒரு கல்லூரியை நம்மவர்கள் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கேக்குக்கு வருவோம். பன்னிரண்டு மஃபினுக்கு 240 கிராம் மாவு என்று குறிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். வகுப்பில் முப்பது செய்ய வேண்டும். எவ்வளவு மாவு? உங்கள் மகள் முதலில் ஒரு மஃபினுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்: 20 கிராம். அப்புறம் முப்பதால் பெருக்க வேண்டும்: 600. இதே விகிதக் கணக்கைப் பயிற்சி நூலில் போட்டுத் தப்பு வந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இங்கே தப்பு வந்தால் மாவு கூழாக ஓடும், அல்லது கல்லாக இறுகும். தப்பு எங்கே நடந்தது என்று அவளே தேடிப் போவாள். முக்கால் கோப்பைப் பாலைப் பாதியாக்கு என்றால் எட்டில் மூன்று என்று அளவுக் கோப்பையின் கால் கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் நடுவே கண்ணால் காண்பாள். பின்னம் அப்போது விரலில் ஒட்டும்.

மாவு ஏன் உப்புகிறது? பேக்கிங் சோடா, தயிர் அல்லது எலுமிச்சை போன்ற ஒரு புளிப்போடு சேர்ந்தால்தான் சட்டென்று கரியமில வாயுவைத் தரும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் உள்ளேயே கலந்திருக்கிறது, நனைந்தால் போதும். அந்த வாயுக் குமிழிகள் சூட்டில் விரிந்து மாவைத் தூக்குகின்றன. முட்டையும் மாவும் இறுகிச் சுவர் கட்டும்வரை குமிழிகள் நிற்க வேண்டும். பாதியில் அடுப்பைத் திறந்து எட்டிப்பார்த்தால் குளிர்காற்று பட்டு, சுவர் இறுகுமுன் குமிழி சுருங்கி, நடுவில் குழி விழுந்துவிடும். மாவை ஏன் ரொம்ப நேரம் கலக்கக் கூடாது? கோதுமையின் புரதம் இழுவையாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். இவ்வளவும் அறிவியல். ஒருநாள் காலையில், கையில் மாவோடு படிக்கிற அறிவியல்.

கடைசியில் விலைக் கணக்கு. மாவு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, கேஸ், காகிதக் கிண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு மஃபினுக்கு எவ்வளவு அடக்கம், பள்ளி விற்பனை நாளில் எத்தனை வெள்ளிக்கு விற்கலாம் என்று வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். உங்கள் கணவர் கேட்ட கணக்கு டியூஷன் அந்த மேசையிலேயே நடந்துவிடும். நான்காம் ஆண்டில் அவளுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் தொடங்குகிறது. தையலும் சமையலும் நிரல் எழுதுதலும் அந்தப் பாடத்தில் வருபவைதான். பள்ளியில் ஏட்டில் படிப்பதற்குக் கல்லூரியின் பெரிய அடுப்பும் எடைக்கருவியும் துணையாகும்.

ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு சரியாக நடந்தால்தான் இத்தனையும். எல்லாம் அளந்து வைத்து, பிள்ளை மேலே சாக்லேட் தூவி, படம் எடுத்து அனுப்பிவிடுகிற வகுப்புகளும் உண்டு. பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரும், கற்றது ஒன்றும் இருக்காது. எனவே பதிவு செய்யுமுன் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகள், ஓர் அடுப்புக்கு அல்லது ஒரு கணினிக்கு எத்தனை பேர்? முதலிலிருந்து கடைசிவரை பிள்ளையே செய்யுமா, பயிற்றுநர் முடித்துக்கொடுப்பாரா? குறைந்தபட்ச வயது என்ன, அடுப்புப் பக்கம் யார் நிற்பார்கள்? செய்முறைக் குறிப்பு கையில் கிடைக்குமா? மூன்று பிள்ளைக்கு ஒரு கணினி என்றால், ஒன்று தட்டும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். பெண்பிள்ளைகள் அப்படி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மலாய் விஷயம். ஆம், வகுப்பு மலாயில்தான் நடக்கும். அதற்காகவே அனுப்பலாம் என்பேன். உங்கள் மகளுக்கு மலாய் தெரியாமல் இல்லை, பேச ஒரு காரணம் அமையாமல் இருக்கிறது. வகுப்பறையில் மலாய் என்றால் கட்டுரையும் இலக்கணமும். சமையல் கூடத்தில் ஆசிரியை சல்லடையைக் கையில் எடுத்துச் சலித்துக்காட்டியபடியே சொல்வார், அளந்து காட்டியபடியே சொல்வார். சொல்லும் செயலும் ஒன்றாக வரும். பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பிள்ளையிடமோ சீனப் பிள்ளையிடமோ கரண்டி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது நம் பிள்ளைகள் பலர் மௌனமாகிவிடுவதற்கு அறிவுக் குறை காரணமில்லை. அதுவரை மற்ற இனப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வேலையும் செய்யாததே காரணம். முதல்முறை தனியாக அனுப்பாமல் வகுப்புத் தோழி ஒருத்தியோடு அனுப்புங்கள். இருவராகப் போனால் போதும். ஆறு பேர் போனால் ஒரு மூலையில் தமிழிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் வகுப்பின் சான்றிதழ் பிள்ளையின் எதிர்காலத்தை மாற்றும் என்று நம்பாதீர்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சான்றிதழ்க் கோப்பு தடிக்கத் தடிக்கப் பெருமை கூடுகிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுக்கவே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண வகுப்பில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

ஆகவே வகுப்புக்குப் போகுமுன் மகளிடம் சான்றிதழ் பேச்சை எடுக்காதீர்கள். வந்தபின் "என்ன கொடுத்தாங்க?" என்று கேட்காமல் "என்ன செஞ்சே, எது சரியா வரல?" என்று கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை, யாரும் சொல்லாமல் அவளே மாவு டப்பாவை எடுத்தால், அந்த வகுப்புக்குக் கட்டிய காசு வீண்போகவில்லை. எடுக்கவில்லை என்றாலும் திட்ட வேண்டாம். அது அவள் வழி இல்லை என்று தெரிந்துகொள்ளக் குறைந்த செலவே ஆகியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் தையலோ கணினியோ பார்க்கலாம். மாதக் கட்டண மையத்தில் ஆறு மாதம் முன்பணம் கட்டியபிறகு இதைக் கண்டுபிடிப்பதுதான் வேதனை.

ரோபோட்டிக் ஆசை இருந்தால் மையத்துக்குப் போகுமுன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஸ்கிராட்ச் என்ற மென்பொருளை எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2007இல் சிறுவர்களுக்காகவே வெளியிட்டார்கள். இலவசம். வண்ணக் கட்டைகளை அடுக்கி ஒரு பூனையை நடக்கவைப்பதிலிருந்து தொடங்கலாம். பழைய மடிக்கணினி போதும். இரண்டு மூன்று மாதம் அதில் ஆர்வம் நிலைத்தால், அப்புறம் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் ஊரிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, எல்லோரும் யூதெம் என்று சொல்வது, இருக்கிறது. 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. பொறியியல் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உங்கள் தாமானைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களில் தமிழ் மாணவர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் செலவிட முடியுமா என்று பள்ளி வழியாகக் கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது மிக முக்கியமாக நான் நினைக்கும் யோசனை. நீங்கள் ஒரு ஆளாகப் போய் ஒரு இடம் கேட்டால், வகுப்பு இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. குறுகிய காலப் பயிற்சி போதிய பேர் சேர்ந்தால்தான் நடக்கும். அதையே உங்களுக்குச் சாதகமாக்குங்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேரின் பெயரைச் சேர்த்து, தலைமையாசிரியர் வழியாகக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த விடுமுறையில், இந்தத் தேதிகளில், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். மலாய்ப் பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளும் சேரட்டும் என்று எழுதினால், மேலே நான் சொன்ன பேச்சுப் பழக்கமும் கிடைக்கும். வேன் செலவைப் பங்கிடலாம். கட்டணம் கட்ட முடியாத ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மற்றவர்கள் சேர்ந்து கட்டலாம். மணிமன்றம் நடத்திய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம், இவ்வளவு நம்மால் முடியும்.

கடைசியாக மகன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையை அக்காவோடு அதே வகுப்பில் தள்ள வேண்டாம். அடுப்பும் கத்தியும் இருக்கும் இடத்தில் ஏழெட்டு வயது அதிகம் அலைபாயும். அக்காவும் தன் வேலையை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்குக் காசு செலவில்லாத ஒன்று போதும். பார்பரா ஹேன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் எழுதினார். விடுமுறையில் பிள்ளை எத்தனை புத்தகம் படித்தது, பொது நூலகத்துக்குப் போனதா என்பவை, ஏழை வீடு பணக்கார வீடு என்ற வித்தியாசத்தையும் தாண்டி, கற்றலில் தெரிந்தன என்பது அவர் கண்டது. மகள் கல்லூரியில் இருக்கும் நேரத்தில் மகனை மாநிலப் பொது நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவனே நூலைத் தேர்ந்தெடுக்கட்டும். டைனோசர் என்றாலும் லாரி என்றாலும் சரி. தமிழ் நூல் அங்கே போதவில்லை என்றால் பள்ளி நூலகத்திலிருந்து விடுமுறைக்கு ஒரு கட்டு இரவல் கேளுங்கள், பூட்டிக்கிடக்கும் நூல்கள்தானே. இரவில் ஷிஃப்ட் இல்லாத நாளில் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி அலுவலகத்துக்கு இந்த வாரமே போன் போடுங்கள். விடுமுறை தொடங்கியபின் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். குறுகிய காலப் பயிற்சியான 'குர்சுஸ் பெண்டெக்' பிரிவு என்று கேட்டால் சரியான ஆளிடம் இணைப்பார்கள்.